கூலண்ட் கலப்பவனின் ரத்தப் பரிசோதனை

ரத்ததானம் செய்கிறவர்களில் உயிரைக் காப்பாற்ற நினைத்துப் படுப்பவர்கள் சிலர். பாதி நாள் விடுப்பும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் மூடி சரியாகப் பொருந்தாத ஒரு டிபன் பாக்ஸும் கிடைக்கிறதே என்று படுப்பவர்கள் மற்றவர்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி வருடாவருடம் நடத்தும் முகாமில் நான் மற்றவர்களின் சங்கத் தலைவர் மாதிரி. என் டிபன் பாக்ஸ்களைப் பார்த்தால் நான் எத்தனை உயிர்களைக் காப்பாற்றினேன் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

போன முகாம் முடிந்த பிறகு ரத்த வங்கியிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். "சார், ஒருதரம் நேர்ல வந்துட்டுப் போக முடியுமா?" குரலில் மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. என் ரத்தம் ஏதோ அபூர்வ வகை என்று கண்டுபிடித்துவிட்டார்கள், பொன்னாடை போர்த்தாமல் விட மாட்டார்கள் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டையில் போனேன்.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்கள். வி.டி.ஆர்.எல். என்ற சோதனையில் என் ரத்தம் மாட்டிக்கொண்டது. சிபிலிஸ். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில் 'மேகநோய், வெட்டை, கிரந்தி' என்று லாட்ஜ் ரூம் நம்பரோடு மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, அதைத் தினமும் சிரித்துக்கொண்டே படித்தவன் நான். அது எனக்கு எழுதப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அந்த விசாரணையை என் மனைவி ஏற்கெனவே நடத்தி, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து, தீர்ப்பும் வாசித்துவிட்டாள். மேல்முறையீட்டுக்கு வழியில்லை. நீங்கள் வேறு தனியாகக் கமிஷன் அமைக்க வேண்டாம். ஒரு புண் இல்லை, ஒரு தடிப்பு இல்லை, எத்தனை நாளாகவோ எனக்கே தெரியாமல் எனக்குள் குடித்தனம் நடத்தியிருக்கிறது. அவ்வளவு போதும்.

கும்மிடிப்பூண்டியில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே ஊசி போட்டுக்கொண்டால், பஞ்சை எடுப்பதற்குள் செய்தி எங்கள் கேன்டீன் வரை போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் வீடு புதுவாயலில். அங்கிருந்து பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்கு பஸ் பிடித்தேன். அங்கே பால்வினை நோய்ப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர். என் மகளைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார். நான் வெட்கத்தோடு ஆரம்பித்ததை முடிக்கவே விடவில்லை. "பென்சிலின். வாரம் ஒண்ணு, மூணு வாரம், இடுப்புல. தள்ளிப் போடக் கூடாது. உங்க மனைவியையும் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் பார்க்கணும்."

ஊசி பற்றி ஒரு வார்த்தை. அந்த மருந்து திரவம் அல்ல, உள்ளே போக மறுக்கும் பாயசம். போட்டுக்கொண்ட பிறகு பைக்கில் ஒரு பக்கமாக, பழைய காலத்துப் பெண்கள் பின் சீட்டில் உட்காருவது போல உட்கார்ந்துதான் வேலைக்குப் போனேன். லேத் ஓட்டுகிற நண்பன் கவனித்துவிட்டான்.

"இன்னாபா, கோணலா ஒக்காந்துகினு வர்ற?"

"கட்டி."

"எங்க?"

"ஒக்கார்ற எடத்துல."

"ஒடைஞ்சிடுச்சா? காட்டு, பாக்கறேன்."

நட்பு என்றால் இதுதான். அன்றிலிருந்து மூன்று வாரமும் அவனைவிட்டு மூன்றடி தள்ளியே நின்றேன்.

ஊசியைவிடக் கஷ்டம் வீட்டில் சொல்வது. அதை விவரிக்கப் போவதில்லை; ஒரு எவர்சில்வர் சொம்புக்கு நடுவில் பள்ளம் விழுந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மனைவி என்னோடு திருவள்ளூர் வந்தாள், ரத்தம் கொடுத்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த ஒரு தாளை அவளுக்கு முன்னால் நான் பிடுங்கிப் படித்தேன். என் தாளுக்குக்கூட அப்படி அவசரப்படவில்லை. அவள் அதைத் திரும்ப வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே தீர்ப்பை வாசித்தாள்.

"எனக்கு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நீயும் அதே மாதிரி எழுதி வாங்கினு வா. அதுவரிக்கும் ஹால்ல படு."

"அதான் ஊசி போட்டாச்சேமா."

"போட்டது தெரியும். போச்சான்னு பேப்பர்ல வரட்டும். நெகட்டிவ்னு வரணும். அன்னிக்கி ரூமுக்குள்ள வா. வரலன்னா அங்கயே கெட."

எங்கள் ஹாலில் இருக்கும் சோபா, என் உயரத்தைக் கேட்காமல் வாங்கியது. தலையை வைத்தால் முழங்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம் காற்றில் தொங்கும். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அப்பா ஏன் சோபாவுல படுத்துக்கினு இருக்காரு?" என்றாள். "முதுகு வலிமா, கட்டிலு ஒத்துக்கலன்னு டாக்டர் சொல்ட்டாரு" என்றேன். படத்தில் தெரியாத இடத்திலிருந்து, "ஆமாமா, பெரிய டாக்டரு" என்று ஒரு குரல் வந்தது.

கிண்டலை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன். நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக மட்டும் நான் அந்த ரூமுக்கு ஏங்கவில்லை. விளக்கை அணைத்த பிறகு நாங்கள் இருவரும் படுத்துக்கொண்டு வம்பளப்போம். எந்த வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எங்கள் மேனேஜர் இன்று எத்தனை முறை "பேசிகலி" என்றார், இதெல்லாம் அந்த ரூமுக்குள் மட்டும் பேசப்படும் விஷயங்கள். கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் ஒலிபரப்பு அது. ஹாலுக்கு வந்த பிறகு என்னிடம் பேசியது டிவி மட்டும்தான். எனக்கு வேண்டியது ஒரே ஒரு தாள், அதில் ஒரே ஒரு வார்த்தை.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, ரிசல்ட் வாங்க மறுபடி திருவள்ளூர் போனேன். டாக்டர் அன்றைக்கு லீவு. "திங்கக்கெழம வந்து காட்டுங்க" என்று தாளை மட்டும் கொடுத்தார்கள். திங்கட்கிழமை வரை தாளைப் பிரிக்காமல் இருப்பவன் மனிதனா? பஸ் ஸ்டாண்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பிரித்தேன்.

'நெகட்டிவ்' என்ற சொல் எங்கும் இல்லை. முதல் தடவை வந்த தாளில் 1:32 என்று போட்டிருந்தது எனக்கு மனப்பாடம். இந்தத் தாளில் 1:8.

இங்கே நான் யார் என்று சொல்லியாக வேண்டும். மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். இரும்பைக் கடையும்போது சூடு ஏறாமல் இருக்க ஊற்றுகிறோமே, பால் மாதிரி வெள்ளையாக, அந்தக் கூலண்டைக் கலப்பது என் பொறுப்பு. லேத்துக்கு ஒன்றுக்கு இருபது, அதாவது ஒரு லிட்டர் ஆயிலுக்கு இருபது லிட்டர் தண்ணீர். கிரைண்டிங் என்றால் ஒன்றுக்கு நாற்பது, நீர்த்திருந்தால் போதும். யாராவது ஒன்றுக்கு எட்டு கலந்தால் என்னிடம் திட்டு வாங்குவான். அது கூலண்ட் இல்லை, தயிர். இந்தத் தொழிற்பேட்டையில் விகிதம் என்ற விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது.

அந்த அறிவோடு என் ரத்தத்தைப் படித்தேன். முன்பு முப்பத்திரண்டு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு கிருமி. நீர்த்த மோர். இப்போது எட்டுப் பங்குக்கே ஒரு பங்கு. மூன்று ஊசியும் போட்டு, ஆறு மாதம் சோபாவில் கால் தொங்கியும், நோய் நாலு மடங்கு கெட்டியாகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பையன் போட்டாலும் இதே விடைதான் வரும். டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன், போனில் தேடினேன். முதலில் வந்ததே, இந்த நோய் முற்றி மூக்கு இருந்த இடத்தில் பள்ளம் மட்டும் உள்ள ஒரு வெள்ளைக்காரரின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். உடனே என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. கொஞ்சம் மெத்தென்று இருந்ததோ? நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பிடித்த கையை எடுக்கப் பயமாக இருந்தது. பக்கத்து சீட்டில் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மாள்.

"இன்னா நைனா, ஏறினதுலேர்ந்து மூக்கப் புடிச்சிக்கினு வர்ற? கருவாடு கருவாடு மாதிரி நாறாம, மல்லியப்பூ மாதிரியா நாறும்?"

"அய்யோ, அதுக்கில்லமா."

"பின்ன எதுக்கு? அவ்ளோ பேஜாரா இருந்தா காரு வாங்கிக்கினு போ. டப்பு இல்லல்ல? கைய எடு."

எடுத்துவிட்டேன். என் மூக்கு கெட்டியாக இருக்கிறது என்று அதன் மூலம் நன்றாகவே உறுதியானது. கருவாட்டு வாசனை கடைசி நரம்பு வரை போனது. ஆனால் பயந்தவனுக்கு எங்கே நியாயம் புரியும்? பெரியபாளையம் தாண்டுவதற்குள் என் பார்வை மங்கிவிட்டது, நடை தள்ளாடத் தொடங்கிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது. கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை.

வீட்டுக்கு வந்து மனைவியை உட்கார வைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். சாகப் போகிறவன் மெதுவாகப் பேச வேண்டும் அல்லவா?

"நாலு மடங்கு ஏறிடுச்சி."

"இன்னா ஏறிடுச்சி?"

"ரத்தத்துல. இனிமே நான் எத்தினி நாளோ. நீ எல்லாத்தையும் கத்துக்கணும். மாடிக்குத் தண்ணி ஏத்தற மோட்டாரு எப்படிப் போடறதுன்னு காட்டறேன், வா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மோட்டாரு தெனமும் நான்தான்யா போடறேன்."

"சரி, கேஸ் புக் பண்றது..."

"அதுவும் நான்தான்."

"கரண்டு பில்லு?"

"நான்தான். நீ இன்னாதான் பண்ற இந்த ஊட்டுல?"

சாவதற்கு முன் ஒப்படைக்க என்னிடம் எதுவுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. டிபன் பாக்ஸ்கள் எங்கே இருக்கின்றன என்பதுகூட அவளுக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. எங்கள் பக்கத்து ஜங்ஷனில் ஒரு தனியார் லேப் இருக்கிறது. மறுநாள் காலை அங்கே போய் முகக்கவசத்தைக் கண் வரை ஏற்றிக்கொண்டு, "சிபிலிஸ்ல இருக்கறதுலயே பெரிய டெஸ்ட் எதுவோ அத எடுங்க" என்றேன். பிரியாணிக் கடையில் பெரிய பீஸ் கேட்கிற மாதிரி. டி.பி.எச்.ஏ. என்ற ஒன்றை எடுத்தார்கள். சாயங்காலம் தாள் வந்தது. எண் எதுவும் இல்லை. தடித்த எழுத்தில் ஒரே சொல்: பாசிட்டிவ்.

அந்தச் சொல்லை என் மனைவிக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கொரோனா வந்தபோது ஊரே படித்துத் தேறிய சொல் அது. அவள் தாளைப் படித்தாள், மடித்தாள், என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"திங்கக்கெழம நானும் வர்றேன்."

வழியெல்லாம் அவள் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் மூக்கைத் தொடவில்லை.

டாக்டர் இரண்டு தாள்களையும் மேஜையில் வைத்துப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நாலு மடங்கு ஏறியிருக்கு டாக்டர். எனக்குத் தெரியும். மறைக்காம சொல்லுங்க, எத்தினி நாள்?"

"எது ஏறியிருக்கு?"

"முப்பத்திரண்டுக்கு ஒண்ணா இருந்தது, இப்ப எட்டுக்கே ஒண்ணு. கெட்டியாயிடுச்சி. நான் கூலண்ட் கலக்கறவன், எனக்கு ரேஷியோ தெரியும்."

அவர் பேனாவை வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க இருமினார். டாக்டர் இருமினால் நோயாளிக்கு எவ்வளவு கலக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"சார், இது நீங்க கலக்கறது இல்ல. உங்க ரத்தத்துல மேல தெளிஞ்சு நிக்கிற நீரை எடுத்து, நாங்க தண்ணி மாதிரி ஒண்ணு சேர்த்து நீர்க்க வைக்கிறோம். ரெண்டு மடங்கு, நாலு மடங்கு, எட்டு, பதினாறுன்னு நீர்க்க வச்சுக்கிட்டே போறோம். எது வரைக்கும் நோயோட அடையாளம் தெரியுதோ அந்த நம்பரை எழுதுறோம். போன தடவை முப்பத்திரண்டு மடங்கு நீர்த்தும் தெரிஞ்சுது. இப்ப எட்டு மடங்குக்கு மேல தெரியல. குறைஞ்சிருக்கு. நாலு மடங்கு குறைஞ்சா மருந்து வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். நீங்க சந்தோஷப்பட வேண்டிய ரிசல்ட் இது."

எனக்கு விளங்க இன்னும் நேரம் பிடித்தது. முப்பது வருடக் கூலண்ட் மண்டைக்குள் தேங்கி நிற்கிறது. மனைவிக்கு உடனே விளங்கிவிட்டது.

"கொழம்புல உப்பு கரிச்சா தண்ணி ஊத்தற மாதிரியா டாக்டரம்மா? ரெண்டு டம்ளருலயே கரிப்பு போச்சின்னா கொஞ்சம் உப்பு. ஒரு கொடம் ஊத்தியும் கரிச்சிக்கினு இருந்தா, உப்ப அள்ளிக் கொட்டிட்டாங்கன்னு அர்த்தம்."

"அதேதான்மா."

"அப்போ முன்ன கொடம் ஊத்தியும் கரிச்சாரு. இப்ப ரெண்டு டம்ளருக்கு வந்துட்டாரு." என்னைப் பார்த்தாள். "இதுக்காய்யா மோட்டாரு போடக் கத்துக் குடுத்த?"

நான் பேச்சை மாற்றி அடுத்த தாளைக் காட்டினேன். "இதுல பாசிட்டிவ்னு இருக்கே."

"இதை யாரு எடுக்கச் சொன்னது?"

"நானேதான். பெரிய டெஸ்ட்னு..."

"இது வேற டெஸ்ட். நோய் எப்பவாவது வந்திருக்கான்னு சொல்லும், இப்ப இருக்கான்னு சொல்லாது. பெரும்பாலானவங்களுக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவ்னுதான் வரும். அம்மை போன பிறகும் தழும்பு இருக்கில்ல, அந்த மாதிரி. குணமாச்சான்னு பார்க்க இதை எடுக்கவே கூடாது. இனிமே லேப் மாத்தாதீங்க. அதே டெஸ்ட், அதே லேப். அப்பதான் ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட முடியும். எட்டு நாலாகலாம், ஒரு தடவை பதினாறுகூடக் காட்டலாம், அந்த ஒரு படி ஏத்த இறக்கத்துக்கு உடனே மூக்கைப் பிடிக்க வேணாம்." மூக்கு விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை, ஒருவேளை எல்லோரும் அதைத்தான் பிடிக்கிறார்களோ என்னவோ. "ரெண்டு படி ஏறினாத்தான் யோசிக்கணும். சில பேருக்கு அந்த நம்பரும் முழுசாப் போகாது, சின்னதா ஒரு எடத்துல அப்படியே நின்னுடும். அதுவும் பரவாயில்ல."

மனைவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "ரெண்டு படி எதுக்கு ஏறும்?"

"மருந்து சரியா வேலை செய்யலன்னா. இல்லன்னா புதுசா வந்திருந்தா. ஒரு தடவை வந்தா மறுபடி வராதுன்னு இல்ல."

"புதுசான்னா?"

"வெளிய போய் வாங்கிட்டு வந்தா."

"நம்பர் காட்டிக் குடுத்துடுமா?"

"காட்டிடும்."

"நல்லது" என்றாள். அந்த ஒரு சொல்லை அவ்வளவு திருப்தியாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் கம்பெனி கேட்டில் கேமரா பொருத்திய அன்று முதலாளி இப்படித்தான் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயுசுக்கும் பாசிட்டிவ். அந்த நம்பரும் முழுசாகப் போகாமல் நிற்கலாம். அப்படியானால் படிக்கட்டில் அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தைத் தாள் எனக்கு வராமலே போகலாம். நான் நோயில் சாகப் போவதில்லை. சோபாவில் சாகப் போகிறேன்.

"டாக்டர்," என்றேன், "நெகட்டிவ்னு எதாவது ஒண்ணு எழுதிக் குடுங்களேன். ஊட்டுல கேக்கறாங்க." ஸ்கூல் பையன் லீவு லெட்டர் கேட்கிற குரலில்.

அவர் என்னை விட்டுவிட்டு மனைவியிடம் பேசினார். "இல்லாததை நான் எழுத முடியாதும்மா. சிகிச்சை முழுசா முடிஞ்சிருக்கு, வேலையும் செஞ்சிருக்கு. இவர்கிட்டேர்ந்து உங்களுக்கு இனிமே இது தொத்தாது. இது நான் சொல்றது. மத்தது உங்க வீட்டு விஷயம்."

மனைவி தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தோம். நான் ஜெயித்த வக்கீல் மாதிரி இருந்தேன். நாலு மடங்கு குறைவு, டாக்டரே சொல்லிவிட்டார், தொத்தாது, வழக்கு முடிந்தது. "அப்போ இன்னிக்கி ரூமுல..." என்று ஆரம்பித்தேன்.

"பேப்பர்ல நெகட்டிவ் வரணும்னு நான் சொன்னது தப்பு" என்றாள்.

"அதான், நானும்..."

"பேசி முடிக்க உடுயா. பேப்பர்ல இன்னா வரும், இன்னா வராதுன்னு தெரியாம சொல்ட்டேன். அது தப்பு. அத வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஊசி ஒனக்குப் போட்டாங்க. ஒனக்குக் கொறைஞ்சிது. எனக்கு யாரும் ஊசி போடல. எனக்கு இன்னும் எத்தினி கொடம் ஊத்தினாலும் கரிக்குது."

நான் சாதாரணமாக எந்த இடத்திலும் பதில் வைத்திருப்பவன். மேனேஜருக்கும், கண்டக்டருக்கும், சாவு வீட்டிலும்கூட.  அங்கே வந்த ஒரு ஜோக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அது நல்ல ஜோக்தான், அதனால்தான் சொல்லவில்லை.

பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள். "அடுத்த டெஸ்டு எப்போ?"

"இன்னும் ஆறு மாசம்."

"நானும் வருவேன். ரிசல்ட்ட நான் படிக்கறேன். நீ படிச்சி கிழிச்சது போதும்."

"சரிமா."

"ரூமுக்குள்ள வா. கட்டிலு வேணாம். கீழ பாயப் போட்டுக்க."

அன்று இரவு பாயோடு உள்ளே போனேன். எனக்கும் தரைக்கும் நடுவில் இருந்தது மெல்லிய கோரைப்பாய் மட்டும்தான், மின்விசிறிக் காற்று கட்டிலோடு நின்றுவிட்டது, கொசுக்கள் மட்டும் எந்த ரிசல்ட்டும் கேட்காமல் என்னை ஏற்றுக்கொண்டன. விளக்கு அணைந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் கட்டில் மேலிருந்து, சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஒரு குரல்:

"எதிர் ஊட்டு மருமவ மறுபடியும் அவங்க அம்மா ஊட்டுக்குப் போய்ட்டாளாம்."

"ஏனாம்?" என்றேன், மூச்சுகூடச் சத்தமாக விடாமல்.

"நாளைக்கி சொல்றேன். தூங்கு."